தேசம்மா கெணத்து மேல இட்லிப் பானை மேகம்

உங்களுக்கு இப்போ ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா வானம் மாறிடுது. நீலம் வேணுமா, சாயங்காலச் செவப்பு வேணுமா, வானவில் வேணுமா, கேட்டதெல்லாம் வந்து நிக்குது. போன வாரம் லேபுக்கு வந்தப்போ பாத்தேன். நம்ம புதுப் பொண்ணு ஒரு கையில வடை துன்னுக்கினே இன்னொரு கையால முப்பது போட்டோவுக்கு வானத்த மாத்திக்கினு இருந்தா. எனக்கு வயிறு எரிஞ்சிது, மறைக்க மாட்டேன். நான் ஒரு வானம் மாத்த அரை நாள் ஆகும். மாமரத்து இலை இடுக்குல எல்லாம் மௌஸைப் புடிச்சி ஒண்ணொண்ணா கத்திரிச்சி எடுக்கணும்.

"அக்கா, ரிட்டயர் ஆயிட்டீங்க, புதுசா வந்தவங்களுக்கு நாலு வார்த்தை உங்க அனுபவத்தைச் சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. சாப்ட்வேரைப் பத்திச் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல. அது உங்களுக்கு என்னைவிட நல்லாவே தெரியும். நான் பண்ணின தப்புல ரெண்டைச் சொல்றேன். ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு. பெருசுல நான் கெணத்துல குதிச்சிருக்கேன், அதனால எழுந்து போயிடாம கேளுங்க.

நான் நகரிப் பக்கத்து ஆளு. எங்க நைனா அடுத்தவங்க கழனியில கூலிக்குப் போனவரு. புத்தூர்ல ஆறு மாசம் கம்ப்யூட்டர் படிச்சிட்டு திருப்பதிக்கு வந்து இந்த கலர் லேப்ல ஒக்காந்தேன். பிலிம் ரோல் போயி டிஜிட்டல் வந்துக்கினு இருந்த நேரம். அப்போ எங்க ஓனரு, அதான் இப்போ இருக்கறவரோட அப்பா, எனக்குச் சொல்லிக் குடுத்தது ஒரே பாடம். "கவரைப் பிரிச்சதும் கஸ்டமர் பல்லு தெரியணும். தெரியலன்னா நீ வேலை செய்யல." இத்த வெச்சிக்கினே பல வருஷம் ஓட்டினேன். பாதி நல்ல பாடம், மீதி பாதி எனக்கு ரொம்ப நாள் கழிச்சித்தான் கெடச்சிது.

மொதல்ல சின்னத் தப்பு. அறுபதாம் கல்யாண குரூப் போட்டோ ஒண்ணு வந்துச்சி. பின்னாடி வானம் வெள்ளையா, துணி வெளுத்த மாதிரி. நான் வெள்ளையெல்லாம் செலக்ட் பண்ணி நீலத்தைப் போட்டேன், அழகா வந்துச்சி, ப்ரின்டுக்கு அனுப்பிட்டேன். சாயங்காலம் மாப்பிள்ளைப் பெரியவரு கவரைப் பிரிச்சாரு. அவரு தலையில இருந்த வெள்ளை முடியும் நீலம். முடி மட்டுமா, மீசை பூரா நீலம், மீசைக்குள்ள ஒரு துண்டு மேகம் வேற. சாமி வேஷம் கட்டினாப்புல உக்காந்துக்கினு இருக்காரு. கடையே சிரிச்சி செத்துது. பெரியவரு ஒரு நிமிஷம் பாத்தாரு. "இன்னாம்மா, என்னைய கிருஷ்ணனா ஆக்கிட்டியா"ன்னு கேட்டாரு. அப்புறம் அவரே சிரிச்சாரு. அந்த ப்ரின்டை மட்டும் அவரு திருப்பிக் குடுக்கவே இல்ல, வூட்ல மாட்டி வெச்சிருக்கறதா கேள்வி. ஓனர் சொன்ன மாதிரி பல்லு தெரிஞ்சிது, அதனால நான் தப்பிச்சேன். வானத்தை மாத்தினதும் ஜனங்க தலையை எண்ணிப் பாருங்க, அவ்ளோதான் அதுல பாடம்.

இப்போ பெருசு.

அந்த நேரத்துல நம்ம பக்கத்துல ஆம்பளைங்க பாதிப் பேரு வெளிநாட்டுக்குக் கெளம்பிட்டாங்க. மழை இல்ல, கெணறு எல்லாம் வறண்டு போச்சி, மூணு எடத்துல போர் போட்டா மூணுலயும் புகைதான் வருது. குவைத்துல ட்ரைவர் வேலை, தோட்ட வேலைன்னு ஊர் ஊரா போனாங்க. போட்டோ வேலை அதனால எங்களுக்குக் கொட்டுச்சி. புது வீடு, கொழந்தைக்கு காது குத்து, தங்கச்சி கல்யாணம், மாடு கன்னு போட்டது வரைக்கும் போட்டோ எடுத்து, குவைத்துக்குப் போற ஆளு கையில ஊறுகாயோட சேத்துக் குடுத்து அனுப்புவாங்க.

எங்க லேப்ல அதுக்கு ஒரு வழக்கம் இருந்துச்சி. வெளிநாட்டுக்குப் போற கவர் மேல செவப்புப் பேனாவுல ஒரு "கு" போடுவோம். "கு" போட்டிருந்தா மூணு வேலை, யாரையும் கேக்க வேணாம். மூஞ்சி ஒரு சுத்து வெளுப்பு, புல்லு பச்சை, வானம் நீலம். "அங்க கஷ்டப்படறவன் ஊரை நெனச்சி சந்தோசப்படணும்மா"ன்னு ஓனர் சொல்லுவாரு. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுது.

வானத்துக்கு என்கிட்ட இருந்தது ஒரே ஒரு பைல். சித்தூர்ல ஒரு மாம்பழக் கூழ் பேக்டரி காலண்டருக்கு போட்டோ எடுக்க எங்க காமிராமேனோட போயிருந்தேன். பேக்டரி கூரைக்கு மேல அப்டி ஒரு நீலம், அதுல நடுவுல ஒரே ஒரு வெள்ளை மேகம். இட்லிப் பானை மாதிரி குண்டா, மேல மூடி கொஞ்சம் சாஞ்சாப்புல. அதைத் தனியா எடுத்து "ஸ்கை ஒன்"னு பேரு வெச்சேன். ஸ்கை டூன்னு ஒண்ணு கெடயாது. தேவையே படல. சித்தூர் மேகத்தை சத்தியவேட்டுல மாட்டுவேன், நகரியில மாட்டுவேன், சூளூர்பேட்டை ஏரிக்கரையில மாட்டுவேன். ஒருத்தன் போட்டோ இன்னொருத்தன் எங்க பாக்கப் போறான்னு ஒரு தைரியம். இந்தத் தைரியம்தான் என்னைக் கெணத்துல தள்ளுச்சி.

ஒரு மழைக்காலம், கடல்ல புயல் கெளம்பி நம்ம பக்கம் அஞ்சு நாள் வுடாம ஊத்துச்சி. எத்தனையோ வருஷம் கழிச்சி பிச்சாட்டூர் அணை ரொம்பிக்கினு வந்துது. அது முடிஞ்ச கையோட பிச்சாட்டூர் ஸ்டுடியோக்காரரு ஒரு கட்டு வேலை கொண்டாந்தாரு. கல்யாணம் ரெண்டு, அதுக்கு நடுவுல ஒரே ஒரு கெணறு போட்டோ. கவர் மேல "கு". கல்லுப் படி வெச்ச பெரிய கெணறு, மேல் படி வரைக்கும் தண்ணி, ஓரத்துல ஒரு பொம்பளை ஈரச் சேலையோட நிக்கறாங்க. வானம் சாம்பல் நெறத்துல தொங்குது, தண்ணியும் அதே சாம்பல்.

நான் யோசிச்சேனா? இல்லவே இல்ல. ஸ்கை ஒன்னை எடுத்து மாட்டினேன். வானம் நீலமா இருந்தா தண்ணியும் நீலமா இருக்கணும் இல்ல, அறிவாளி ஆச்சே நானு, தண்ணியையும் நீலமாக்கினேன். அந்தம்மா மூஞ்சியை வெளுப்பாக்கினேன். ஈரச் சேலையைக் காய வெச்சேன்னு கூடச் சொல்லலாம். கடைசியில அந்தப் பைல் மேலயே சேவ் அடிச்சேன். பழசு தனியா வெக்கல. ஸ்டுடியோக்காரரு மெமரி கார்டை அங்கேயே அழிச்சி வாங்கிக்கினு போயிட்டாரு, அடுத்த கல்யாணத்துக்கு வேணும்னு.

பத்து நாள் கழிச்சி, ஒரு வியாழக்கிழமை காலையில, அந்தப் போட்டோவுல இருந்த அம்மா நேரா கவுன்ட்டர் முன்னாடி வந்து நிக்கறாங்க. பேரு தேசம்மா. என் வயசு இருக்கும். பிச்சாட்டூர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்காங்க, செருப்பு பூரா சேறு.

"இங்க வானம் போடறது யாரு"ன்னு கேட்டாங்க.

நான் பாராட்டத்தான் வந்திருக்காங்கன்னு நெனச்சி எழுந்து நின்னேன். பல்லு வேற தெரியுது எனக்கு.

"நான்தாங்க்கா."

"ஏம்மா, நான் உனக்கு இன்னா கெடுதல் பண்ணேன்?"

அப்புறம் அவங்க சொன்னதைக் கேட்டுக் கேட்டு என் பல்லு ஒண்ணொண்ணா உள்ள போச்சி. அவங்க வீட்டுக்காரரு பேரு கோதண்டன். அந்தக் கெணறு வறண்டுதான் குவைத்துக்குப் போனாரு. கெளம்பறப்போ சொல்லிட்டுப் போனாராம், "கெணத்துல தண்ணி நின்னா சொல்லு தேசு, மறுநாளே பொட்டி கட்றேன்"னு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சின்ன மழை. தேசம்மாவுக்கு ஆசை தாங்கல. முட்டி அளவுத் தண்ணியைப் பாத்துட்டு, தண்ணி வந்துடுச்சி வா மாமான்னு போன்ல சொல்லிட்டாங்க. கொழுந்தனும் கூட சேந்து ஆமான்னுட்டான், ஊரும் ஆமான்னுடுச்சி. அந்த மனுசன் வேலையை வுட்டுட்டு ஓடி வந்தாரு. வந்து பாத்தா எருமை படுத்தா முதுகு நனையாது. திரும்பிப் போயி, பாத்துக்கினு இருந்த வேலை போச்சி, அதைவிடக் கேவலமான வேலையில சேந்தாரு.

"அதுலேர்ந்து யாரு சொன்னாலும் நம்ப மாட்டாரு. நான் சொன்னா நம்பவே மாட்டாரு. போட்டோ அனுப்புன்னாரு. இப்போ கெணறு நெஜமாவே ரொம்பிச்சி. மழையில நனைஞ்சிக்கினு நின்னு எடுத்து அனுப்பினேன். அங்க இன்னா போயி சேந்துது தெரியுமா? திருப்பதி லாட்ஜுல நீச்சல் அடிக்கறதுக்குக் கட்டி வெச்சிருக்கான் பாரு, அது போயி சேந்துது."

அத்தோட வுடல. "அந்த மேகம் வேற. ரூம்ல அவரோட சேத்து நம்ம பக்கத்துக்காரங்க ஆறு பேரு. ஆறு பேரு போட்டோவுலயும் அதே மேகமாம். இத்தப் பாத்ததும், ஓகோ, இது திருப்பதி லேபு வேலை, தண்ணியும் அவங்களே ஊத்திட்டாங்கன்னு சொல்லிட்டாரு. நாளன்னிக்கு சனிக்கிழமை இன்னும் ரெண்டு வருஷத்துக்கு அக்ரிமென்டுல கையெழுத்துப் போடப் போறாரு. போட்டுட்டா வுட மாட்டாங்க. என் பெரிய பொண்ணுக்கு அப்பா மூஞ்சி ஞாபகம் இருக்குது, சின்னதுக்கு இல்ல."

ஓனரு உள்ளேர்ந்து வந்தாரு. "பதறாதம்மா, பழைய மாதிரியே சாம்பல் வானம் போட்டு ஈமெயில்ல அனுப்பிடலாம்"னாரு. நானும் பைத்தியம், ஒக்காந்து போட்டேன். எங்கேயோ எடுத்த ஒரு மழை மேகத்தைத் தேடிப் புடிச்சி ஒட்டினேன். தண்ணியை சாம்பலாக்கினேன். சத்தியமா சொல்றேன், நெஜப் போட்டோவை விட நெஜமா வந்துச்சி. எனக்கே ஒரு கர்வம். ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டினேன்.

தேசம்மா பாத்தாங்க. கோவம் எல்லாம் எறங்கி அவங்க கொரல் சின்னதாப் போச்சி. "இதுவும் நீ வரைஞ்சதுதான? இனிமே நீ அனுப்பறது எதையும் அந்த ஆளு நம்பாது."

அப்பத்தான் எனக்கு ஒறைச்சிது. இந்த எடத்தைக் கொஞ்சம் நல்லா கேளுங்க. உண்மையைச் சொல்றதுக்குக் கூட பொய்யைத்தான் எடுத்துக்கினு போறேன். செல்லுல வீடியோ காட்டற காலம் இல்ல அது. புதுசா போயி கெணத்தைப் போட்டோ எடுக்கலாம்னா, மழை வுட்டு வெயில் அடிக்குது, வானம் நெஜமாவே நீலமா இருக்குது. அந்த நெஜ நீலத்தை இந்த உலகத்துல ஒருத்தரு மட்டும் நம்ப மாட்டாரு, அந்த ஒருத்தரு கோதண்டன். நான் மௌஸைக் கீழ வெச்சிட்டேன். வேலை பாக்கற வேகத்துல கை தானா இன்னொரு தரம் சரி பண்ணப் போகும். சில சமயம் கையைக் கட்டிக்கினு நிக்கறதுதான் வேலை.

"அவரு எத்தனை மணிக்குப் போன் பண்ணுவாரு"ன்னு கேட்டேன்.

"அங்க வெள்ளிக்கிழமைதான் லீவு. நாளைக்குப் பதினோரு மணிக்குப் பண்ணுவாரு. கொழுந்தன் செல்லுல."

"நான் வரேன். தப்பு என்னுது, நானே அவருகிட்ட சொல்றேன்."

மறுநாள் லீவு சொல்லிட்டு பிச்சாட்டூர் பஸ் ஏறிட்டேன். ஓனரு ஒரு வார்த்தை கேக்கல. "போயிட்டு வா, கஸ்டமரு அழுதுக்கினு இருக்கக் கூடாது"ன்னாரு. அவரு பாடத்துல மீதி பாதி அது, அதை அவரு வெளிய சொன்னது அன்னிக்கு ஒரு நாள்தான்.

போற வழி பூரா பச்சை. நான் "கு" கவருக்கெல்லாம் பூசின பச்சையை விட நல்ல பச்சை. கெணத்துக்கிட்ட போயி நின்னு அண்ணாந்து பாக்கறேன், சிரிப்பு தாங்கல. வானம் சுத்தமா நீலம், நடுவுல ஒரே ஒரு வெள்ளை மேகம். மூடி சாயல, அவ்ளோதான் வித்தியாசம். சேதி பரவி நெல்லு நாத்து வுட்டுக்கினு இருந்த பொம்பளைங்க நாலஞ்சு பேரு கரை மேல ஏறி நின்னுட்டாங்க. பதினோரு மணிக்கு போன் அடிச்சிது. தேசம்மா என் கையில குடுத்துட்டு கண்ணை மூடிக்கினாங்க.

"யாரு, வானத்துக்காரம்மாவா?"

"ஆமாங்கண்ணா. மன்னிச்சிருங்க. வானம்தான் நான் போட்டது. தண்ணி உங்க தண்ணிதான், நெறத்தைத்தான் மாத்திட்டேன்."

"வானம் பொய்யின்னா அதுக்குக் கீழ இருக்கறது மட்டும் எப்டிம்மா நெஜமா இருக்கும்? புத்தூர்க்காரன் தங்கச்சி கல்யாணத்துல அந்த மேகம். சத்தியவேட்டுக்காரன் புது வீட்டு மேல அந்த மேகம். அதெல்லாம் போவட்டும், சிரிச்சிட்டு வுட்டுட்டோம். என் கெணத்து மேலயும் கொண்டாந்து மாட்டினா நான் எதைம்மா நம்பறது? ஒரு தடவை நம்பி வந்து நான் பட்டது போதும்."

"நான் இப்போ கெணத்துக்கிட்டதான் நிக்கறேண்ணா. மேல்படியில தண்ணி மோதுது."

"எல்லாரும் அப்டித்தான் சொன்னாங்க அன்னிக்கும்."

நான் கெஞ்சறேன், அவரு வுட மாட்டேங்கறாரு. கடைசியில கடுப்பாயி ஒண்ணு சொன்னாரு பாருங்க. "தண்ணியை வரைஞ்சது நீதானம்மா. நீயே குதி. நீ வரைஞ்ச தண்ணியில நீ எப்டி குதிக்கறேன்னு நான் கேக்கறேன். சின்ன வயசுலேர்ந்து அந்தக் கெணத்துல குதிச்சவன் நான். சத்தத்துலயே எத்தனை படி தண்ணின்னு சொல்லுவேன்."

கரை மேல நின்னவங்க எல்லாம் கொல்லுனு சிரிச்சாங்க. கொழுந்தன், "அக்காவை வுடு, நான் குதிக்கறேன்"னான். அந்தப் பக்கம் ஒரே பிடிவாதம். "நீ குதிக்க வேணாம்டா, நீ போன தடவையே ஆமான்ன ஆளு. அந்தம்மா குதிக்கட்டும்."

எனக்கு ஒண்ணு சொல்லணும். நான் நகரிப் பக்கத்துக் கால்வாயில மீனா வளந்தவ. ஆனா அப்போ எனக்கு முப்பத்தஞ்சு வயசு, ரெண்டு புள்ளைங்க, பத்து வருஷமா நாற்காலியில ஒக்காந்த ஒடம்பு. ஒரு பக்கம் பயம், இன்னொரு பக்கம், சொன்னா வெக்கம், ஒரே குஷி. சேலையில குதிச்சா அடியில போயி தங்கிடுவேன்னு சொன்னேன். தேசம்மா ஓடிப் போயி வீட்டுக்காரரு வுட்டுட்டுப் போன பேன்ட்டையும் சட்டையையும் கொண்டாந்தாங்க. மோட்டார் ரூமுக்குள்ள போயி மாட்டிக்கினேன். இடுப்புல நிக்கல, ஒரு சணல் கயிறு கட்டினேன். வெளிய வந்ததும் ஒரு கெழவி, "யாருடி இது, போலீஸா"ன்னு கேட்டுச்சி.

மொத குதி படிக்கட்டுலேர்ந்து. தொபீர்னு வுழுந்தேன். மேல வந்து மூச்சு வாங்கறேன், தேசம்மா செல்லைக் காதுல வெச்சிக் கேட்டுட்டு மொகம் வாடி நிக்கறாங்க. "கல்லைத் தூக்கிப் போட்டாலும் இந்தச் சத்தம் வருமாம். மோட்டார் ரூம் மேலேர்ந்து குதிக்கணுமாம். குதிக்கறப்போ கத்தணுமாம்."

மோட்டார் ரூம் ஏறினேன். மேலேர்ந்து பாத்தா கெணறு பூரா வானம். நீலம், நடுவுல அந்த மேகம், ஒரு கத்திரிப்பும் இல்லாம, மேல ஒட்டின ஒரு லேயரும் இல்லாம. கொழுந்தன் படியில உக்காந்து செல்லைத் தண்ணி மேல நீட்டிக்கினு இருக்கான். தேசம்மா சாமி கும்புடற மாதிரி ரெண்டு கையையும் சேத்து வெச்சிருக்காங்க. என் வேலையை நம்பி ஒரு குடும்பம் எப்டி நிக்குதுன்னு அன்னிக்கித்தான் மொதத் தடவை மூஞ்சிக்கு நேரா பாத்தேன். "குதிக்கறேன் அண்ணா"ன்னு தொண்டை கிழியக் கத்திக்கினே மூக்கைப் புடிச்சிக்கினு குதிச்சேன்.

மேகத்து நடுவுலதான் வுழுந்தேன். மூடி எங்க போச்சின்னே தெரியல.

மேல வந்தேன். தண்ணி நாலு பக்கமும் படியில மோதி களக் களக்னு சத்தம் போட்டுக்கினு இருக்கு.  லைன் கட் ஆயிடுச்சான்னு கொழுந்தன் பாத்தான், கட் ஆவல. அப்புறம் அந்தப் பக்கத்துலேர்ந்து மெதுவா ஒரு கொரல். ஸ்பீக்கர்ல இருந்ததால எல்லாருக்கும் கேட்டுது.

"கத்தி முடிக்கறதுக்குள்ள வுழுந்துட்டாங்களே. ரெண்டாவது படிக்கு மேல இருக்குது." அப்புறம், "தேசு, மோட்டார் ரூம் சாவிய எங்க வெச்சிருக்க? எலி ஒயரைக் கடிச்சி வெச்சிருக்கும். நான் வர்ற வரைக்கும் யாரையும் சுச்சு போட வுடாத."

தேசம்மா படியிலயே உக்காந்து முந்தானையால மூஞ்சியை மூடிக்கினாங்க. நான் தண்ணிக்குள்ளேயே அழுதேன், அதுல ஒரு வசதி, யாருக்கும் தெரியாது. அப்புறம் மேல ஏறி மறுபடியும் குதிச்சேன். மூணாவது வாட்டி யாரும் என்னைக் குதிக்கச் சொல்லல.

இத்தோட முடிஞ்சிதுன்னு நெனச்சேன். ஒரு மாசம் கழிச்சி நல்லா கருத்த, ஒயரமான ஆளு ஒருத்தரு லேபுக்கு வந்தாரு. "என் பேன்ட்டும் சட்டையும் இங்க இருக்குதாமே"ன்னு கேட்டாரு. எழுந்து நின்னுட்டேன். தொவைச்சி இஸ்திரி போட்டு வெச்சிருந்ததை எடுத்துக் குடுத்தேன். சணல் கயித்தையும் சேத்துத்தான் குடுத்தேன். அவரு ஒரு பை மாங்காய் ஊறுகாய் வெச்சாரு.

"அண்ணா, அந்த வானத்தை நான் அழிச்சிட்டேன்"னு சொன்னேன். முழுப் பொய்யில்ல, அழிக்கத்தான் எடுத்து வெச்சிருந்தேன், இன்னும் அழிக்கல. "இனிமே இந்த லேப்ல யாரு வானத்தையும் கேக்காம மாத்த மாட்டோம்."

அவரு மொகம் மாறிடுச்சி. "அழிச்சிட்டியாம்மா?"ன்னாரு. ஒக்காந்துட்டாரு.

அப்புறம்தான் சொன்னாரு. அந்த ரூம்ல ஆறு கட்டிலு. ஜன்னல் இல்லாத செவுரு ஒண்ணு. மொதல்ல புத்தூர்க்காரரு தங்கச்சி கல்யாணப் போட்டோவை ஒட்டினாராம். அப்புறம் சத்தியவேட்டுக்காரரு வீட்டை. அப்புறம் சித்தூர், நகரி, சூளூர்பேட்டை. எல்லாத்துலயும் அதே நீலம், அதே மேகம். வரிசையா ஒட்டிட்டுப் பாத்தா, ஒரே வானத்துக்குக் கீழ ஒரே தெருவு மாதிரி ஆயிடுச்சாம். அந்த வீட்டுக்குப் பக்கத்துல இந்த வீடு, அதுக்குப் பக்கத்துல ஏரி, ஏரியைத் தாண்டினா கல்யாணப் பந்தல். "யாராவது புதுசா ரூமுக்கு வந்தா, இதான் எங்க ஊருன்னு காட்டுவோம்மா. ஊருக்குப் பேரே இட்லிப்பானை. ராத்திரி வேலை முடிஞ்சி வந்து அதைப் பாத்துக்கினுதான் சாப்புடுவோம். பொய்யின்னு தெரியும். என் கெணத்துக்கு மட்டும்தான் அந்தப் பொய் ஆவல. மத்தவங்களுக்கு அது வேணும். நான் வரும்போது என் கெணத்தைக் கூட அங்கேயே வுட்டுட்டு வந்தேன். எடுத்தா வரிசையில ஓட்டை வுழும்."

நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரு பக்கத்துல ஒக்காந்தேன்.

"இன்னும் அஞ்சு பேரு அங்க இருக்காங்க. அவங்க வீட்லேர்ந்து வந்தா அதே வானத்தைப் போட்டுக் குடும்மா. புது மேகம் போட்டீன்னா, ஊரு மாறிப் போச்சின்னு நெனப்பாங்க."

நான் கம்ப்யூட்டரைத் திருப்பி, குப்பைக் கூடையில போடறதுக்கு எடுத்து வெச்சிருந்த ஸ்கை ஒன்னை அவருக்குக் காட்டினேன். அவரு மேகத்தைப் பாத்ததும் சொந்தக்காரனைப் பாத்த மாதிரி சிரிச்சாரு. பல்லு எல்லாம் தெரிஞ்சிது.

அதுக்கப்புறம் நான் வேலை பாத்த கடைசி நாள் வரைக்கும் ரெண்டு காரியம் வுடல. பழசைத் தனியா எடுத்து வெக்காம ஒரு போட்டோவுல கை வெச்சதில்ல. இன்னொண்ணு, கவர் மேல "கு" இருந்தா, வீட்டுக்கே போன் போட்டு, இந்த வானம் உங்களுக்கு எதுக்குன்னு கேட்டுட்டுத்தான் தொடுவேன். மழையைப் பாத்து எடுத்தேன்னு சொன்னா சாம்பலை அப்டியே வுட்டுடுவேன். அந்த ரூமுக்குன்னு சொன்னா இட்லிப் பானை. ஒவ்வொருத்தரா திரும்பி வந்தாங்க. வந்தவங்க யாரும் செவுத்துலேர்ந்து ஒண்ணும் எடுத்துக்கினு வரலயாம். சூளூர்பேட்டைக்காரரு மட்டும் இன்னும் அங்கதான் இருக்காரு.

உங்க பட்டன் நூறு வானம் குடுக்கும். நல்லதுதான், போடுங்க. ஆனா அந்த மூலையில இருக்கற பழைய சிஸ்டத்துல, என் பேரு போட்ட போல்டருக்குள்ள ஒரே ஒரு பைல் இருக்கும். எடம் அடைக்குதுன்னு யாரும் அழிச்சிடாதீங்க. சூளூர்பேட்டைலேர்ந்து அந்த வீட்டுக் கவர் வந்தா, அதைத்தான் போடணும்.